பெயர்க்கும் விசை

கணிப்பொறியில் ஷிப்ட் விசையை அழுத்தினால் எதுவும் நகர்வதில்லை. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இடம்பெயர்த்தல் என்றுதான் பொருள். ஒரு காலத்தில் அந்த விசை உண்மையாகவே ஒரு பொருளை இடம்பெயர்த்தது.

1874இல் அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ்-கிளிடன் தட்டச்சுப் பொறி, ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளை மட்டுமே அடித்தது. சிறிய எழுத்துகளும் வேண்டுமென்றால் விசைகளை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். 1878இல் வந்த ரெமிங்டன் 2 அழகான வழி கண்டது. ஒவ்வோர் அச்சுக்கோலின் தலையிலும் பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு எழுத்துகள். ஷிப்ட்டை அழுத்தினால், தாள் சுற்றிய உருளை சற்றே இடம்பெயரும். இன்னோர் எழுத்து தாளில் பதியும். பின்னாளில் வந்த பல பொறிகளில் உருளை அசையாமல் அச்சுக்கோல்களின் கூடை இறங்கியது. டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போனவர்களின் சுண்டுவிரலுக்கு அந்தக் கனம் தெரியும்.

ரிட்டர்ன் விசையின் கதையும் இதுவே. வரி முடிந்ததும் உருளைவண்டியைத் தொடக்கத்துக்குத் திருப்பி அனுப்பிய நெம்புகோலின் பெயர், வண்டியே இல்லாத இயந்திரத்திலும் தங்கிவிட்டது.

ஆங்கிலத்தில் இவை எல்லாமே 'கீ'. அதற்கு நம்மிடம் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த 'சாவி' ஆயத்தமாக இருந்தது. தமிழ் அதை எடுக்காமல் 'விசை'யை எடுத்தது மிகச் சரி. பூட்டைத் திறப்பதல்ல, விரலின் உந்துதலே இங்கு வேலை. விசைத்தறி, விசைப்படகு எல்லாம் அந்தச் சொல்லின் உறவுகள். ஆனால் ஷிப்ட்டை 'மாற்று விசை' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆல்ட் விசைக்கும் அதே பெயர் பொருந்திவிடும். 'பெயர்ப்பு விசை' என்றால் உருளை பெயர்ந்த வரலாறும் உள்ளே நிற்கும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் தமிழில் இல்லை. ஆனாலும் எழுத்துகள் மிகுதி, விசைகள் குறைவு என்பதால் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு ஷிப்ட் இல்லாமல் முடியவில்லை. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை அந்தச் சுமையை இறக்கியது. அதில் உயிர், மெய், ஆய்தம் எதற்கும் ஷிப்ட் வேண்டாம். கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் வேண்டும். 'ஷிப்ட்' என்ற சொல்லின் முதலெழுத்தை அடிக்க அதில் ஷிப்ட்டை அழுத்தியே ஆக வேண்டும். 'பெயர்ப்பு' என்று எழுத அந்த விசையைத் தொடவே வேண்டாம்.