பகடை மேல தப்பா? ஒரு பழைய விளையாட்டுப் பத்திரிகை சொல்லித்தந்த கணக்கு



எம்பிபிஎஸ்ல கம்யூனிட்டி மெடிசின் பாடத்துல "கை ஸ்கொயர் டெஸ்ட்"னு ஒரு கணக்கு வரும். கண்ணுக்குத் தெரியிற ஒரு வித்தியாசம் தற்செயலா வந்ததா, இல்ல பின்னாடி ஏதாவது காரணம் இருக்கான்னு சோதிக்கிற கணக்கு. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு, பாதிப்பேர் அதோட மறந்துடுவோம்.

அதே கணக்கை 1983 அக்டோபர்ல, அமெரிக்காவுல பள்ளி, கல்லூரிப் பசங்க வாங்கிப் படிச்ச ஒரு விளையாட்டுப் பத்திரிகை பொறுமையா சொல்லிக் கொடுத்திருக்கு.

அந்தப் பத்திரிகையோட பேரு "டிராகன்".

அதே ஆண்டுதான் அந்த விளையாட்டு பிள்ளைகளைக் கொல்லுதுன்னு சொல்லி ஒரு இயக்கமும் தொடங்குச்சு. இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, நம்ம வீட்டுக்கும் தேவையான விஷயம் இதுல இருக்கு.

முதல்ல விளையாட்டைப் பத்திச் சொல்லிடறேன்.

1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ரெண்டு பேரும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு "டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்". வெளியிட்டது டிஎஸ்ஆர்ங்கிற நிறுவனம். ஊர், விஸ்கான்சின் மாநிலத்துல லேக் ஜெனீவாங்கிற சின்ன ஊர். முதல்ல அச்சடிச்சது 1,000 பெட்டிதான்.

இதுக்குப் பலகையே வேண்டாம். நாலஞ்சு பேர் மேசையைச் சுத்தி உட்காருவாங்க. ஒருத்தர் கதை சொல்லி. மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம்: ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் திருடன்.

"நீங்க ஒரு குகைக்குள்ள நிக்கிறீங்க. இடது பக்கம் ஏதோ சத்தம் கேட்குது. என்ன செய்யப் போறீங்க?" அப்படின்னு கதை சொல்லி கேட்பார். என்ன செய்யறதுன்னு இவங்க பேசி முடிவெடுப்பாங்க. அது பலிக்குதா இல்லையான்னு பகடை சொல்லும். நம்ம ஆறு முகப் பகடை மட்டும் இல்லாம 4, 8, 12, 20 முகம் கொண்ட பகடைகளும் உண்டு.

அவ்வளவுதான் விளையாட்டு. வாயால பேசி, மனசுல கற்பனை பண்ணி, பகடையை உருட்டி ஒரு கதையைச் சேர்ந்து உண்டாக்குறது.

இந்த விளையாட்டுக்கான செய்திமடலா 1975ல் "தி ஸ்ட்ரடீஜிக் ரிவ்யூ" வந்துச்சு. முதல் இதழ் வெறும் 6 பக்கம். ஏழு இதழோட அது நின்னு, 1976 ஜூன்ல "தி டிராகன்" முதல் இதழ் வெளியானது. ஆசிரியர் டிம் காஸ்க். அச்சுல 2007 செப்டம்பர் வரைக்கும், 31 வருஷம், 359 இதழ் வந்துச்சு. முதல் 250 இதழ்களை 1999ல் அஞ்சு சிடியில போட்டு வெளியிட்டாங்க.

இந்தப் பழைய இதழ்களைப் புரட்டினா முதல்ல ஆச்சரியப்படுத்துறது அதுல இருக்கிற படிப்பாளித்தனம்.

உதாரணத்துக்கு 1983 ஏப்ரல், 72வது இதழ். குகைக் கூரையில கல் விழுது மாதிரி தொங்கி, கீழே போறவங்க தலையில விழுற ஒரு கற்பனைப் பிராணி விளையாட்டுல உண்டு. அது எப்படி வாழும், எப்படி வேட்டையாடும்னு விலங்கியல் பாடம் மாதிரியே ஒரு கட்டுரை. இது ரொம்பப் பிடிச்சுப்போக, ஒவ்வொரு பிராணிக்கும் இப்படி எழுதுற தொடராவே அது வளர்ந்துடுச்சு.

இன்னொன்னு. 1976 அக்டோபர் இதழ்ல பெண் பாத்திரங்களுக்குன்னு தனி விதி எழுதினாங்க, அதுல பெண் வீரர்களுக்கு வலிமை குறைவு. 1980 ஜூலை இதழ்ல ஜீன் வெல்ஸும் கிம் மோகனும் சேர்ந்து, பெண்கள் சமத்துவம் கேட்கிறாங்க, அதுல என்ன தப்புன்னு கேட்டு ஒரு கட்டுரை எழுதினாங்க. ஜீன் வெல்ஸ் அந்த நிறுவனத்தோட முதல் பெண் விளையாட்டு வடிவமைப்பாளர். ஒரு பத்திரிகை நாலு வருஷத்துக்குள்ள தன் பழைய பக்கத்தோடவே வாதாடுறதை அதுல பார்க்கலாம்.

சரி, இப்போ கை ஸ்கொயருக்கு வருவோம்.

78வது இதழ், 1983 அக்டோபர். டி.ஜி.வீக்ஸ் எழுதின கட்டுரை. கேள்வி ரொம்ப எளிமை: உங்க பகடை யோக்கியமானதா?

இந்தக் கேள்விக்குக் காரணம் இருந்துச்சு. அந்தக் காலத்துப் பகடைகள் மட்டமான பிளாஸ்டிக். உருட்ட உருட்ட முனை மழுங்கிடும். எண்கள் தெளிவா தெரியிறதுக்கு நாமளே மெழுகு கிரேயானைத் தேய்ச்சுக்கணும். ஒரு கட்டத்துல பகடை தட்டுப்பாடு வந்து, பெட்டிக்குள்ள பகடைக்குப் பதிலா எண் போட்ட அட்டைத் துண்டுகளை வச்சு வித்தாங்கன்னா பாருங்க.

நண்பன் உருட்டினா மட்டும் அடிக்கடி பெரிய எண் விழுது. அதிர்ஷ்டமா, பகடையில கோளாறா?

கணக்கை என் உதாரணத்தோட சொல்றேன். ஆறு முகப் பகடையை 60 தடவை உருட்டுங்க. யோக்கியமான பகடைன்னா ஒவ்வொரு எண்ணும் சுமார் 10 தடவை வரணும். ஆனா வந்தது 8, 12, 9, 11, 6, 14னு வைங்க. 6 எங்கே, 14 எங்கே! ஏமாத்துப் பகடைன்னு தோணும்.

அவசரப்படாதீங்க. ஒவ்வொன்னுக்கும் 10லிருந்து எவ்வளவு விலகல்னு பார்த்து, அதை வர்க்கமாக்கி, 10ஆல வகுத்து, எல்லாத்தையும் கூட்டுங்க. 4.2 வருது. ஆறு முகப் பகடைக்கு அட்டவணை சொல்ற எல்லை 11.07. அதைத் தாண்டலை. பகடை மேல சந்தேகப்பட இது போதாது.

இதுவே ஒரு எண் மட்டும் 20 தடவை, மத்த அஞ்சும் எட்டெட்டு தடவை வந்திருந்தா? கூட்டினா 12. எல்லையைத் தாண்டிடுச்சு. இப்போ சந்தேகப்படலாம். அப்பவும் உறுதி கிடையாது. நல்ல பகடையே நூத்துக்கு அஞ்சு தடவை இப்படி எல்லை தாண்டும்.

நாம் கண்ணால பார்த்து "இதுல ஏதோ இருக்கு"ன்னு நினைக்கிறதுல பாதி சும்மா தற்செயலா இருக்கலாம். இதைத்தான் ஒரு விளையாட்டுப் பத்திரிகை பதின்வயசுப் பசங்களுக்குச் சொல்லித்தந்துச்சு.

இனி வெளியே பெரியவங்க உலகத்துல என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம்.

1979 ஆகஸ்ட். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல படிச்ச ஜேம்ஸ் டாலஸ் எக்பர்ட்ங்கிற மாணவர் காணாமப் போனார். வயசு 16. பள்ளியில இருக்க வேண்டிய வயசுல பல்கலைக்கழகத்துல இருந்த அறிவாளிப் பையன். தேடுறதுக்கு வந்த தனியார் துப்பறிவாளர் வில்லியம் டியர், பையன் இந்த விளையாட்டு விளையாடுவான்னு கேள்விப்பட்டு, பல்கலைக்கழகத்துக்கு அடியில இருக்கிற நீராவிச் சுரங்கங்கள்ல நிஜமாவே விளையாடப் போய் மாட்டியிருக்கலாம்னு சொன்னார். பத்திரிகைகள் பிடிச்சுக்கிச்சு.

ஒரு மாசம் கழிச்சுப் பையன் உயிரோட கிடைச்சார். ஆனா 1980 ஆகஸ்ட்ல தற்கொலை செஞ்சுக்கிட்டார்.

1981ல் இந்தச் செய்திகளை ஒட்டி ஒரு நாவல், 1982ல் அது டிவி படம். இளைஞரா இருந்த டாம் ஹாங்க்ஸ் நடிச்சது.

1982ல் வர்ஜீனியாவுல பெட்ரீசியா புல்லிங்ங்கிற தாய், தன் மகனைத் தற்கொலையில இழந்தார். மகனோட பள்ளியில இந்த விளையாட்டு விளையாடினாங்க. அதுதான் காரணம்னு அவர் நம்பினார். பள்ளி முதல்வர் மேல வழக்குப் போட்டார், அது தள்ளுபடி ஆச்சு. 1983ல் இந்த விளையாட்டுக்கு எதிரா ஒரு இயக்கம் தொடங்கினார். 1985ல் "60 மினிட்ஸ்" டிவி நிகழ்ச்சி வரைக்கும் விஷயம் போச்சு. கொலை, தற்கொலைன்னு 28 பேர் பட்டியல் நாடு முழுக்கப் பரவுச்சு.

அந்தத் தாயைக் கேலி பண்ண எனக்கு மனசு வராது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுல "ஏன்?"ங்கிற கேள்வி எவ்வளவு கொடுமைன்னு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எங்களுக்குத் தெரியும். பதில் கிடைக்காத இடத்துல மனசு எதையாவது பிடிச்சுக்கும்.

ஆனா டிவி, போலீஸ், பள்ளி நிர்வாகம், மருத்துவர்கள் கணக்குப் போட்டிருக்கணும். நாம இப்போ போடுவோம்.

1980களின் நடுவுல அமெரிக்காவுல 15 முதல் 24 வயசுக்காரங்கள்ல வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு சுமார் 12 தற்கொலைகள். விளையாடினவங்க பல லட்சம். குறைச்சே 10 லட்சம்னு வைப்போம். விளையாட்டுக்கும் சாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லைன்னாலும், அந்த 10 லட்சம் பேர்ல வருஷத்துக்கு 120 பேரை இழந்திருப்போம்.

பல வருஷத்துல சேர்த்த பட்டியல்ல 28.

"அப்போ விளையாட்டு உயிரைக் காப்பாத்துதா டாக்டர்?"னு கேட்காதீங்க. அந்தப் பட்டியல் முழுமையானது கிடையாது, அதை வச்சு அப்படியும் சொல்ல முடியாது. 28ங்கிற எண் மட்டும் எதையுமே நிரூபிக்காதுன்னுதான் சொல்றேன்.

நிரூபிக்கணும்னா நாலு கட்டம் வேணும். விளையாடினாங்க, இறந்தாங்க. விளையாடினாங்க, நல்லா இருக்காங்க. விளையாடலை, இறந்தாங்க. விளையாடலை, நல்லா இருக்காங்க. நாலையும் நிரப்பினாத்தான் கை ஸ்கொயர் போட முடியும். செய்தியில வர்றது எப்பவும் முதல் கட்டம் மட்டும்தான். மத்த மூணு கட்டத்துல இருக்கிறவங்க வீட்டுக்குக் கேமரா போகாது.

1990ல் மைக்கேல் ஸ்டாக்போல்ங்கிற விளையாட்டு வடிவமைப்பாளர், அந்த இயக்கத்தோட கூற்றுகளை ஒவ்வொன்னா சரிபார்த்து விரிவான அறிக்கை எழுதினார். பகடை உருட்டுற கூட்டத்துலேர்ந்துதான் அந்த வேலை நடந்துச்சு.

நிறுவனம் என்ன பண்ணுச்சு?

பயந்துச்சு. 1989ல் வந்த இரண்டாம் பதிப்புல பேய், சாத்தான்ங்கிற பெயர்களை எடுத்துட்டாங்க. 1990 பிப்ரவரி, டிராகன் 154வது இதழ்ல ஜேம்ஸ் வார்ட் அதுக்கு விளக்கம் எழுதினார். கோபமான அம்மாக்கள் கடிதம் எழுதுறாங்க, அதனால எடுத்தோம்ங்கிறதுதான் சாரம். தலைப்புலேயே கோபமான அம்மாக்கள்தான். வாசகர்களும் சும்மா இருக்கலை, காரசாரமா பதில் எழுதினாங்க. 1991ல் அதே பேய்கள் வேற பெயரோட திரும்பி வந்துச்சு. 2000ல் மூன்றாம் பதிப்புல பழைய பெயர்களே திரும்பிடுச்சு.

பேய்க்குப் பேர் மாத்தினதுனால எந்தப் பிள்ளையோட துயரமும் குறைஞ்சிருக்காது.

எக்பர்ட் விஷயத்துல உண்மை 1984லதான் வெளியே வந்துச்சு. துப்பறிவாளர் டியரே புத்தகம் எழுதினார். தன்னைவிடப் பெரியவங்க நடுவுல தனியா இருந்த பையன். படிப்புல சாதிக்கணும்ங்கிற அழுத்தம். ஆழமான மனச்சோர்வு. அவர் காணாமப் போனதுக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா பையன் போய் நாலு வருஷம் ஆகியிருந்துச்சு. அந்த நாலு வருஷமும் ஊரே பேசினது சுரங்கத்தையும் மந்திரவாதியையும் பத்தித்தான். 16 வயசுல ஒருத்தன் ஏன் அவ்வளவு தனியா இருந்தான்னு கேட்டவங்க குறைவு.

தப்பான காரணத்தைப் பிடிச்சுக்கிட்டா இதுதான் ஆபத்து. சரியான காரணம் கண் முன்னாடியே இருந்தும் கவனிக்க ஆள் இருக்காது.

இன்னைக்கு என்கிட்ட வர்ற பெற்றோர் கேட்கிற கேள்வி: "அந்த செல்போன் கேம்தானே டாக்டர் காரணம்?"

விளையாட்டை நிறுத்த முடியாம தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டுப்போற நிலை உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு நோயாவே வகைப்படுத்தியிருக்கு. அதுக்குச் சிகிச்சையும் இருக்கு. ஆனா ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கிட்டு நாள் முழுக்க விளையாடினா, விளையாட்டுனால சோர்ந்து போனானா, சோர்ந்து போனதுனால விளையாட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டானான்னு ரெண்டையும் கேட்கணும். போனைப் பிடுங்கி வச்சா முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்ன மாதிரி.

தூக்கம் மாறியிருக்கா, சாப்பாடு குறைஞ்சிருக்கா, நண்பர்களை விட்டு ஒதுங்குறானா, "நான் இல்லைன்னா நல்லா இருக்கும்"ங்கிற மாதிரி பேசுறானா, கவனிங்க. சந்தேகம் வந்தா நேரடியா கேளுங்க: "சாகணும்னு தோணுதாப்பா?" கேட்டா அந்த எண்ணம் வந்துடுமோன்னு பயப்பட வேண்டாம். கேட்கிறதுனால அந்த எண்ணம் உருவாகாது. சொல்றதுக்கு ஒரு ஆள் கிடைச்சாச்சுன்னு அவனுக்கு நிம்மதியாத்தான் இருக்கும்.

கேட்ட பிறகு தனியா விடாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. உடனடி ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி எண் 104. ரெண்டும் 24 மணி நேரமும் இலவசம்.

அப்புறம், அந்தப் பசங்க என்ன விளையாடுறாங்கன்னு ஒரு நாள் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. முடிஞ்சா நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்க. மனசுல இருக்கிறதைப் பேச அதைவிட நல்ல நேரம் அமையாது.



- ஓர் அரசு மருத்துவர்