சுமைதாங்கியின் உயரம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது சம்பந்தர் பாடிய மாகறல். அங்கே வண்டி வாய்க்காதவர்களின் நெல்லும் விறகும் ஒரு காலத்தில் தலைச்சுமையாகவே சந்தைக்குப் போயின.

சும்மாடு கட்டித் தூக்கிய மூட்டையைத் தனியாளாக இறக்கி ஏற்றுவது பெரும்பாடு. அதற்காகவே தமிழகச் சாலையோரங்களில் எழுந்தது சுமைதாங்கி: நட்ட இரு கற்கள், மேலே ஒரு கிடைக்கல். குனியாமலே சுமையை நகர்த்தி வைக்கலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் அதை நடுவது வழக்கமாக இருந்தது.

கல் எல்லோருக்கும் ஒரே உயரம். முதுகில் சுமக்கும் பையோ ஆளின் அளவுக்குப் பொருந்த வேண்டும்.

1952-இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டம் வைத்த மலையேற்றப் பைகளை விற்கத் தொடங்கினார். இடுப்புப்பட்டை பாரத்தைத் தோளிலிருந்து இறக்கியது. நெடிய முதுகுக்காரர் இன்று கழுத்தடி எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்து பை வாங்குகிறார். சட்டம் குட்டையானால் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். பாரம் மறுபடி தோளுக்கே வரும்.