விலை போகாத மரம்

குமாவுன் மலையின் சரித்திரத்தைப் படிக்கிறவர்கள் ராஜாக்களையும் கூர்க்காப் படைகளையும் தேடுவார்கள். எனக்கென்னவோ அந்தக் கதைக்கு நாயகன் ஒரு மரம் என்றுதான் தோன்றுகிறது. அங்குள்ளவர்கள் 'பாஞ்ஜ்' என்று அழைக்கும் ஓக் மரம்.

இமயத்தில் 5,000 அடியிலிருந்து 7,000 அடி உயரத்தில், பாறைச் சரிவுகளில், சற்றே அமிலம் கலந்த மண்ணில் அது வளர்கிறது. தனியாக அல்ல, குடும்பத்தோடு. பக்கத்திலேயே செக்கச் செவேலென்று பூக்கும் 'புராஞ்ஜ்' (நம் நீலகிரியில் காட்டுப் பூவரசு என்கிறோமே, அதுவேதான், கொஞ்சம் ஜாடை வேறு). கிளையெல்லாம் பாசியும் பெரணியும். உதிர்ந்த இலைகள் மக்கி மெத்தையாகக் கிடந்து, மழை நீரை உறிஞ்சி, மெள்ள மெள்ள ஊற்றுக்கு விடும். மாட்டுக்குத் தழை, வயலுக்கு எரு, அடுப்புக்கு விறகு, உழவனுக்குக் கலப்பை எல்லாம் அதுதான்.

ஆனால் கோணல் மாணலான அந்த மரத்தைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? நெடுநெடுவென்று வளரும் பைன் மரமோ பிசின் தந்தது, பிசினிலிருந்து டர்பென்டைன். மருந்து ஏற்றினால் ரெயில் பாதைக்குக் கட்டை. வெள்ளைக்கார சர்க்கார் 1911 முதல் 1917 வரை காடுகளை அளந்து ரிசர்வ் ஆக்கியது. தழை ஒடிக்கவும் மாடு மேய்க்கவும் கட்டுப்பாடு. பைனுக்குச் செல்லப்பிள்ளை உபசாரம்.

1921 ஜனவரியில், மகர சங்கராந்திக்குப் பாகேசுவரத்தில் கூடிய ஜனங்கள், கட்டாயச் சுமைகூலிப் பதிவேடுகளைச் சரயு நதியில் எறிந்தார்கள். அந்தக் கோடையில் காடுகள் எரிந்தன. எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள். ஓக் காடுகள் அநேகமாகத் தப்பின. பிசின் மரம் சீக்கிரம் பற்றும், ஈரக் காடு பற்றாது என்று சமாதானம் சொல்லலாம். பாதி நியாயம்தான். தீ வைத்த கைகளுக்கு எது தங்களுடையது என்று தெரிந்திருந்தது என்பேன் நான்.

சுதந்திரம் வந்த பிறகும் கணக்குப் புத்தகம் மாறவில்லை. கட்வாலில் வசித்த மீரா பென், ஓக் அழிந்து பைன் பரவுவதுதான் வெள்ளத்துக்குக் காரணம் என்று 1950-களில் எழுதினார். செவிசாய்த்தவர்கள் குறைவு.

1980-இல் அதே கட்வாலில், டூங்ரி–பைந்தோலி கிராமத்து ஓக் காட்டை வெட்டி உருளைக்கிழங்குப் பண்ணை அமைக்க ஏற்பாடாயிற்று. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சாரம் எல்லாம் வரும் என்றதும் ஊர்ப் பஞ்சாயத்து ஆண்கள் தலையாட்டினார்கள். அவர்களை நான் ஒரேயடியாகப் பழிக்க மாட்டேன். ஆஸ்பத்திரி வேண்டாமென்று யார்தான் சொல்வார்கள்? ஆனால் விறகுக்கும் தழைக்கும் தண்ணீருக்கும் தினம் மலையேறி இறங்கியவர்கள் பெண்கள். வீட்டு ஆண்களின் கோபத்தையும் மிரட்டலையும் பொருட்படுத்தாமல் அவர்கள் போய் மரங்களைக் கட்டிக்கொண்டார்கள். வெட்டு நின்றது.