பெரிசா, நடுத்தரமா? ஒரு டியூபா பஞ்சாயத்து



போன வாரம் இங்கிலாந்தில் இருக்கும் மகன் போனில் ஒரு பஞ்சாயத்தோடு வந்தான். 13 வயதுப் பேத்தி பள்ளியில் டியூபா வாசிக்கிறாள். பித்தளைக் காற்று வாத்தியங்களில் ஆகப் பெரியதும் ஆகத் தாழ்ந்த சுருதி உள்ளதும் அதுதான். அவளுடையது ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு: இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், இவளுடைய டியூபா. இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். அவள் கேட்பது நடுத்தர அளவுள்ள ஈ-ஃப்ளாட் டியூபா. மகனோ, "வாங்கறதே வாங்கறோம், பெரிய பி-ஃப்ளாட்டா வாங்கிடலாம்ப்பா. வளர்ற பிள்ளைதானே" என்கிறான். ஜூன் மாதம் யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்துப் போட்ட பரம்பரை அல்லவா நாம்!

எனக்கு டியூபா ஊதத் தெரியாது. ஆனால் பழைய கதையைத் தேடிப் படிக்கத் தெரியும். படித்ததைச் சொல்கிறேன்.

டியூபாவுக்குப் பிறந்த தேதியே உண்டு. 1835 செப்டம்பர் 12. பிரஷ்ய ராணுவ பேண்டுகளைச் சீரமைத்த வில்ஹெல்ம் வீப்ரெக்ட்டும், பெர்லினில் வாத்தியம் செய்த யோஹான் காட்ஃப்ரீட் மோரிட்ஸும் அன்று அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்த முதல் டியூபா எஃப் சுருதி, நம் கணக்கில் 4 கட்டை. ஐந்து வால்வுகள், குழாயின் நீளம் சுமார் 12 அடி. அதாவது, இன்று நாம் நடுத்தரம் என்று சொல்லும் அளவில்தான் டியூபா பிறந்தது. 16 அடி சி, 18 அடி பி-ஃப்ளாட் எல்லாம் பிறகு வந்த அண்ணன்மார்கள்.

பிரிட்டனுக்கு இந்தக் குடும்ப வாத்தியங்கள் பரவிய கதை இன்னும் சுவையானது. டிஸ்டின் என்றொரு குடும்பம். தகப்பனும் நான்கு பிள்ளைகளும், ஆக ஐந்து பேர் குழு! 1844இல் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் செய்த வாத்தியங்களைக் கண்டு, அவற்றையே வாசித்துப் புகழ் பெற்றார்கள். பிறகு சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் நடத்திய பித்தளை பேண்டுகளில், 13 அடி ஈ-ஃப்ளாட் இரண்டு, 18 அடி பி-ஃப்ளாட் இரண்டு என்பது வழக்கமாக நிலைத்தது.

நடுத்தர டியூபாவுக்கு ஒரு குறை இருந்தது. இரண்டு மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தினால் குழாய் நீளம் போதாமல், கீழ் ஸ்வரங்களில் சுருதி ஏறிவிடும். 1874இல் பூசி கம்பெனியின் டேவிட் பிளெய்க்லி, அப்படி அழுத்தும்போது கூடுதல் சிறு குழாய்களும் தானாகச் சேரும்படி ஒரு வழி செய்தார். அதனால் ஈ-ஃப்ளாட்டும் கீழே இறங்கிச் சுருதி பிசகாமல் பேசியது.

பெரிசு வாங்கிய கதையும் ஒன்று உண்டு. 1930களில் அமெரிக்காவின் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ராவுக்காக யார்க் கம்பெனி பிரம்மாண்டமான சி டியூபா செய்தது. அதை வாசிக்க வேண்டிய டொனடெல்லி தொந்தியுள்ளவர். வாத்தியம் வயிற்றில் இடித்து, ஊதும் முனை வாய்க்கு எட்டவில்லையாம்! அது ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் என்ற மாணவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பின்னாளில் சிகாகோ ஆர்க்கெஸ்ட்ராவில் 44 வருடம் இருந்தார். நூறு பேர் நடுவே அந்தப் பெரிய வாத்தியம் கொடிகட்டிப் பறந்தது.

ஆனால் ஐந்து பேரில் கதை வேறு. அங்கே டியூபா மற்றவர்களுக்கு அடித்தளம் போட வேண்டும், தாளம் காட்ட வேண்டும், தன் முறை வரும்போது பாடவும் வேண்டும். குரல் பரந்து ஒலித்தால் ஹார்ன் மூழ்கிவிடும். லண்டனில் பிலிப் ஜோன்ஸ் குழுவில் வாசித்த ஜான் ஃப்ளெட்சர் (1941–1987) கையில் இருந்தது ஈ-ஃப்ளாட்தான். லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவிலும் அதையே வாசித்துக் காட்டினார். ஜெர்மானியர்கள் எஃப்பை விரும்புகிறார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 16 அடி சி-யையே எடுப்பார்கள். ஆனால் சின்னக் குழுவுக்குப் பருமன் குறைந்ததாகப் பார்ப்பார்கள். கடையில் முக்கால் சைஸ் என்பார்கள். அது பருமனைக் குறிப்பது, நீளத்தை அல்ல. ஒரு கம்பெனியின் முக்கால் இன்னொரு கம்பெனிக்கு முழுசாகவும் இருக்கும். ஆகவே மடியில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளி பேண்டு செட்டில் ஒல்லியான பையன் ஒருவன் சின்ன டிரம் கேட்டான். "உயரமா இருக்கே, பெரிய டிரம்மை எடு" என்றேன். தோள் கன்றிப்போய் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டான். பிறகு எந்த வாத்தியத்தையும் அவன் தொட்டு நான் பார்க்கவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால், தவறு என்னுடையது. அன்று நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

மகனிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன்: "ஈ-ஃப்ளாட் வாங்கு. பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போ. நீ வாயைத் திறக்காதே, அவள் ஊதட்டும்."

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்