த/பெ என்ற வரி

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. 1974-இல் ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அவரை அழைத்து வந்த கடிதம். அம்மாவின் பெயர், கீழே 'த/பெ' என்று தாத்தாவின் பெயர், தெரு, ஊர், கடைசியில் ஆறு இலக்க எண். எல்லாமே சரி. தபால்காரர் அதைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் கொடுத்தார். அம்மா அதைப் பார்த்தது தேர்வு நாள் கழிந்த பிறகு, பரணைச் சுத்தம் செய்தபோது.

அந்த ஆறு இலக்கங்கள் அப்போது புதியவை. 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்பட்ட முகவரிகள் என்று கடிதங்கள் வழிதவறிக்கொண்டிருந்தன. நம் பக்கத்துப் புதூர்களையும் புதுப்பட்டிகளையும் எண்ணினாலே தலை சுற்றும். முதல் இலக்கம் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய பகுதி. முதல் இரண்டைப் பார்த்தால் வட்டம் தெரியும்: 60 முதல் 66 வரை தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளம். மூன்றாவதையும் சேர்த்தால் கடிதம் பிரிக்கும் மாவட்டம். 625 என்றால் மதுரை. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு. 9-இல் தொடங்குபவை ராணுவத்துக்கு.

இந்த ஏற்பாடு அஞ்சலக வாசலோடு நின்றுவிடுகிறது. நாட்டில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள், ஏறத்தாழ 19,000 குறியீடுகள். பல கிராமங்களுக்கு ஒரே எண்தான். வீட்டுக்கென்று எண் கிடையாது. கதவு எண்ணோ பழையது, புதியது என்று குழம்பிக் கிடக்கும். மீதித் தூரத்துக்கு வழிகாட்டியது தெருவுக்குத் தெரிந்த ஓர் ஆணின் பெயர். திருமணமானால் த/பெ போய் க/பெ வரும். தாத்தா இறந்த பிறகும் பாட்டிக்கு 'க/பெ (லேட்)' என்றுதான் கடிதம் வந்தது. செத்தவரைத் தாண்டித்தான் பாட்டியிடம் வர வேண்டும்!

மற்ற அரசுப் பட்டியல்களிலும் இதே கதைதான். 1951-52-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, வட இந்தியப் பகுதிகளில் ஏராளமான பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவானார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு செல்லாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன். ஆனாலும் வாக்கை இழந்தவர்கள் அந்தப் பெண்கள்தான், அவர்களைப் பெயரின்றி வைத்திருந்த வீடுகள் அல்ல.

2025-இல் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. யாருடைய பெயரும் அதில் இல்லை. அம்மாவின் வீட்டில் திண்ணைக்கு ஒன்று, பின்கட்டு அடுக்களைக்கு வேறொன்று வந்தது. கைப்பேசியில் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"சரிடி, யார் கையில குடுப்பாங்க?" என்றார்.