கரை கிடைக்காத கப்பல்கள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் நாள். கோஸ்டா ஃபோர்ச்சுனா என்ற உல்லாசக் கப்பல் பினாங்கில் கரை சேர அனுமதி கேட்டது. ஏறத்தாழ ஈராயிரம் பயணிகள் அதில் இருந்தனர். முந்தைய நாள்தான் தாய்லாந்தின் புக்கெட் தீவு அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. பயணிகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இத்தாலியர்கள் என்பதே காரணம். அப்போது இத்தாலியில் கோவிட்-19 தீயாய்ப் பரவிக்கொண்டிருந்தது. கப்பலில் யாருக்கும் நோய் இருப்பதாகச் சந்தேகம் இல்லை என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. ஆயினும் பினாங்கும் கதவைச் சாத்தியது. கடைசியில் 10ஆம் நாள், அது புறப்பட்ட துறைமுகமான சிங்கப்பூரே அதை ஏற்றுக்கொண்டது.

இதில் ஒரு விந்தை உண்டு. எந்தப் பினாங்கு அன்று ஒரு கப்பலுக்கு இடமில்லை என்றதோ, அதே பினாங்கின் கடலில்தான் புலாவ் ஜெரெஜாக் என்ற தீவு இருக்கிறது. நோய்க் கப்பல்களில் வந்த பயணிகளை இறக்கி வைப்பதற்காகவே பல்லாண்டுகள் பயன்பட்ட தீவு அது. நம் பாட்டன் பூட்டன்மார் பலர் மலாயா மண்ணில் முதலில் கால் வைத்த இடமும் அதுதான்.

அன்று நோயோடு வந்த கப்பலுக்கும் ஓர் இடம் இருந்தது. இன்று நோயில்லை என்று சொன்ன கப்பலுக்கும் இடமில்லாமல் போனது. இது எப்படி நேர்ந்தது? இதற்கு விடை காண வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

நாற்பது நாள் கணக்கு

கப்பலையும் கொள்ளைநோயையும் பிரித்துப் பார்க்க முடியாது. 14ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை உலுக்கிய பிளேக் நோய், வணிகக் கப்பல்களில் ஏறித்தான் துறைமுகம் துறைமுகமாகப் பரவியது. 1377ஆம் ஆண்டில் ரகூசா நகரம் ஒரு சட்டம் போட்டது. இன்று குரோவேசியாவில் டுப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் நகரம் அது. நோய் கண்ட இடங்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் 30 நாள் வெளியே தங்கவேண்டும் என்பதே அந்தச் சட்டம். பின்னாளில் அது 40 நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பது என்பதற்கு 'குவாரன்டா' என்று பெயர். நாம் இன்று சொல்லும் 'குவாரண்டீன்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே.

1423ஆம் ஆண்டில் வெனிஸ் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளிகளுக்கென்றே ஒரு தீவை ஒதுக்கி, அங்கே நிரந்தரமாக ஒரு மருத்துவமனையைக் கட்டியது. வெனிஸ் செல்வத்தில் கொழித்த வணிக நகரம். கப்பல் வராவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. ஆகவே கப்பலைத் துரத்தவும் முடியாது, நோயை உள்ளே விடவும் முடியாது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஓர் இடம் வேண்டும் என்பதை அந்நகரம் கண்டுகொண்டது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன் கற்ற இந்தப் பாடத்தை 2020இல் உலகம் மறந்து நின்றது என்பதுதான் வேதனை.

டெக் பயணிகளின் தீவு

நம் வட்டாரத்திற்கு வருவோம். 1873இல் சிங்கப்பூரில் காலரா பரவியது. மறு ஆண்டே, 1874இல், தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. சீனாவிலிருந்து வந்த குடியேறிகள், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், மெக்காவிலிருந்து திரும்பிய ஹஜ் பயணிகள் எனப் பலரும் அங்கே தங்கவைக்கப்பட்டனர். பினாங்கிற்கு ஜெரெஜாக் தீவு அதே வேலையைச் செய்தது.

தமிழ்த் தொழிலாளர்களின் பயணம் கப்பலில் தொடங்கவில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் இருந்த முகாம்களில் சில நாள் தங்கி, அம்மை ஊசி குத்திக்கொண்டு, மருத்துவர் பார்த்த பிறகே கப்பல் ஏற விட்டார்கள். வழியில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ கண்டால் போதும், உடன் வந்தவர்கள் அனைவரும் தீவில் இறங்கவேண்டும். பிற்காலத்தில் அனைத்துலக விதிகள் இதற்கு ஒரு கணக்கு வகுத்தன. காலராவுக்கு 5 நாள், பிளேக்கிற்கு 6 நாள், பெரியம்மைக்கு 14 நாள். நோய்க் கிருமி உடலுக்குள் மறைந்திருக்கக்கூடிய காலம் அது.

அந்தத் தீவு வாழ்க்கை சுகமானது என்று யாரும் சொல்ல முடியாது. நீண்ட கொட்டகைகள், கூட்டம், மூட்டை முடிச்சுகளுக்குக்கூட மருந்துப் புகை. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்றும் இருந்தது. டெக் டிக்கெட்டில் வந்தவர்களுக்குத்தான் தீவு. மேல் வகுப்பு அறைகளில் வந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவரிடம் தலையைக் காட்டிவிட்டு ஊருக்குள் போய்விடுவர். கிருமிக்கு வகுப்பு தெரியாது. ஆனால் சட்டத்திற்குத் தெரிந்திருந்தது.

இத்தனை குறை இருந்தும் ஒன்றை மறுக்க முடியாது. கப்பலைக் கடலிலேயே நிற்க வைத்து, உள்ளே இருப்பவர்கள் என்ன ஆனால் என்ன என்று அன்றைய ஏற்பாடு விட்டுவிடவில்லை. ஆட்களைக் கரையில் இறக்கியது, நோயாளியையும் நோயற்றவரையும் பிரித்தது, நாள் முடிந்ததும் அனுப்பிவைத்தது.

1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் அது. 1970களில் அதன் ஓட்டம் நின்றது. விமானம் மலிந்தது. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தீவுகளின் தேவை தீர்ந்துவிட்டதாகவே எல்லாரும் எண்ணினர். ஜெரெஜாக் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக இருந்தது. குவாரண்டீன் என்ற சொல்லே வழக்கொழிந்து போனது.

ஒரு கப்பல், இரண்டு சமோவா

இடம் இருந்தால் மட்டும் போதாது, உண்மையும் வேண்டும் என்பதற்கு 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா காய்ச்சல் சாட்சி. அந்த ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் நியூசிலாந்திலிருந்து டலூன் என்ற கப்பல் மேற்குச் சமோவாவின் ஆப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தனர். வழியில் ஃபிஜித் தீவில் அதன்மேல் தடை விதிக்கப்பட்டிருந்தது. அந்தச் செய்தி ஆப்பியா அதிகாரிகளுக்குச் சொல்லப்படவில்லை. பயணிகள் இறங்கினர். அடுத்த சில வாரங்களில் அந்தத் தீவுகளின் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 8,500 பேர், மாண்டனர்.

பக்கத்திலேயே உள்ள அமெரிக்கச் சமோவாவில் ஆளுநராக இருந்தவர் ஜான் போயர். செய்தி கேட்டதும் கப்பல் போக்குவரத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினார். அங்கே ஒருவர்கூட அந்தக் காய்ச்சலால் இறக்கவில்லை. ஒரே இனம், ஒரே கடல். ஓரிடத்தில் வீட்டுக்கு வீடு சாவு. இன்னோரிடத்தில் சாவே இல்லை. 2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் இதற்காக மன்னிப்புக் கேட்டார். சொல்லாமல் விட்ட ஒரு செய்திக்கு 84 ஆண்டுகளுக்குப் பின் கேட்ட மன்னிப்பு அது.

மூன்று துறைமுகங்கள், மூன்று முடிவுகள்

2020இல் மூன்று கப்பல்களுக்கு மூன்று விதமான கதி நேர்ந்தது.

முதலாவது, டைமண்ட் பிரின்சஸ். ஹாங்காங்கில் இறங்கிய ஒரு பயணிக்கு நோய் இருந்தது பின்னர் தெரியவந்தது. பிப்ரவரி 3ஆம் நாள் ஜப்பானின் யோகோஹாமாவுக்குத் திரும்பிய கப்பலில் 3,711 பேர் இருந்தனர். அத்தனை பேரையும் உடனே இறக்கித் தங்கவைக்கத் தயாரான இடம் கரையில் இல்லை. எனவே 5ஆம் நாளிலிருந்து கப்பலே குவாரண்டீன் நிலையமானது. பயணிகள் அறைக்குள் முடங்கினர். ஆனால் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனது யார்? ஊழியர்கள். கீழ்த்தளத்தில் ஒரே அறையைப் பகிர்ந்து தூங்கி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, அறை அறையாக ஏறி இறங்கியவர்கள் அவர்களே. அந்த ஊழியர்களில் 132 பேர் இந்தியர்கள். முடிவில் 712 பேருக்கு நோய் கண்டது. அன்று டெக் பயணி, இன்று கப்பல் ஊழியர். பாரம் இறங்கும் இடம் மட்டும் மாறவில்லை.

இரண்டாவது, வெஸ்டர்டாம். பிப்ரவரி 1ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டது. கப்பலில் நோய் உறுதியான ஒருவர்கூட இல்லை. ஆனாலும் பிலிப்பீன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து என ஐந்து இடங்கள் மறுத்தன. கடைசியில் 13ஆம் நாள் கம்போடியா இடம் கொடுத்தது. அங்கிருந்து கோலாலம்பூர் வந்த 83 வயது அமெரிக்க மாதுக்கு நோய் இருப்பதாகப் பரிசோதனை சொன்னது. உலகமே கம்போடியாவைத் திட்டியது. பிறகு செய்த பரிசோதனைகளில் அவருக்கு நோயே இல்லை என்று தெரிந்தது. அதற்குள் பல துறைமுகங்களுக்குத் துணிவு போய்விட்டது.

மூன்றாவது, ரூபி பிரின்சஸ். மார்ச் 19ஆம் நாள் சிட்னியில் ஏறத்தாழ 2,700 பயணிகள் இறங்கி வீட்டுக்குப் போக விடப்பட்டனர். பரிசோதனை முடிவு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. 600க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது. 28 பேர் இறந்தனர்.

ஒன்று அடைத்து வைத்தது, ஒன்று அலைய விட்டது, ஒன்று அவிழ்த்து விட்டது. வெனிஸ் நகரம் கண்ட நான்காவது வழி எங்கே போனது? பொதுச் சுகாதாரத்தைக் காரணம் காட்டி ஒரு கப்பலைத் துறைமுகத்திற்குள் வரவிடாமல் தடுக்கக்கூடாது என்று 2005ஆம் ஆண்டின் அனைத்துலகச் சுகாதார விதிமுறைகள் கூறுகின்றன. ஆனால் அதிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. துறைமுகத்தில் போதிய வசதி இல்லையென்றால், வசதியுள்ள வேறு துறைமுகத்திற்குப் போகச் சொல்லலாம். இடம் தயாராக இல்லாதபோது எந்த விதியாலும் கதவைத் திறக்க முடியாது.

இதைச் சிங்கப்பூர் புரிந்துகொண்டது. 2020 நவம்பரில் அங்கே தொடங்கிய கப்பல் சுற்றுலாக்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. கடலில் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பின. பாதிக் கூட்டம், ஏறுமுன் பரிசோதனை, யார் யாரைச் சந்தித்தார் என்ற பதிவு. டிசம்பர் 9ஆம் நாள் குவாண்டம் ஆஃப் தி சீஸ் கப்பலில் 83 வயது முதியவருக்கு நோய் என்று பரிசோதனை காட்டியது. கப்பல் உடனே கரைக்குத் திரும்பியது. மறுபரிசோதனையில் அவருக்கு நோயில்லை என்று தெரிந்தது. அங்கே எந்தக் கப்பலும் கடலில் அலையவில்லை. காரணம், கரை எது என்பது புறப்படும்போதே முடிவாகியிருந்தது.

கப்பல் ஏறுமுன்

2023 மே மாதம் கோவிட் நெருக்கடி நிலை முடிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பள்ளி விடுமுறை வந்தால் நம் குடும்பங்களும் கப்பல் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்கின்றன. நல்லதுதான். ஆனால் அடுத்த கொள்ளைநோய் நாள் குறித்துவிட்டு வருவதில்லை. வரலாறு கற்றுத் தந்ததை நாமும் கொஞ்சம் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில், கப்பல் எங்கே புறப்பட்டு எங்கே முடிகிறது என்று பாருங்கள். கிளம்பிய துறைமுகத்திற்கே திரும்பும் பயணத்தில் வீடு திரும்புவது எளிது. வயதானவர்களுடன் போகும்போது இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, பயணக் காப்புறுதி. கொள்ளைநோய்க்கு அது செல்லுபடியாகுமா? தனிமைப்படுத்தப்பட்டால் தங்கும் செலவை யார் ஏற்பது? கடலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால் பணம் தருமா? இந்த மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

மருந்து இன்னொன்று. நம் குடும்பங்களில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு குறைவு. ஐந்து நாள் பயணத்திற்கு ஐந்து நாள் மாத்திரை என்று எண்ணிக் கொண்டுபோகாதீர்கள். யோகோஹாமாவில் கப்பலுக்குள் இரண்டு வாரம் முடங்கியவர்கள் மருந்து தீர்ந்து தவித்தார்கள். கூடுதலாக இரண்டு வார மருந்தையும் மருத்துவர் எழுதிய பட்டியலையும் கைப்பையில் வையுங்கள். கடப்பிதழின் நகல், தடுப்பூசிச் சான்று, போகும் நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் எண் ஆகியவையும் அங்கேயே இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உண்மை. விடுமுறை கெட்டுவிடும் என்று ஒரு பனடோலை விழுங்கிக் காய்ச்சலை மறைத்துச் சுகாதாரப் படிவத்தில் 'இல்லை' என்று எழுதுபவர், ஆப்பியாவுக்குப் போன டலூன் கப்பலையே தன்னோடு அழைத்து வருகிறார். அறைக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஊழியருக்கும் ஒரு குடும்பம் உண்டு என்பதை அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பயணிகள் செய்யவேண்டியது இவ்வளவு. அரசுகள் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. பழைய தீவின் கொட்டகைகள் திரும்ப வரவேண்டாம், டெக் டிக்கெட்டுக்கு ஒரு நீதி, மேல் வகுப்புக்கு ஒரு நீதி என்ற வழக்கமும் வேண்டாம். ஆனால் நோய்க் கப்பல் ஒன்று வந்து நின்றால் பயணியும் ஊழியரும் சமமாக இறங்கித் தங்க ஒவ்வொரு பெரிய துறைமுகத்திலும் ஓர் இடம் தயாராக இருக்கவேண்டும். ஜெரெஜாக் தீவில் இறங்கிய நம் முன்னோருக்கு அந்தக் கரை கசந்திருக்கலாம். ஆனாலும் அவர்களுக்கு ஒரு கரை இருந்தது.