குங்குமப்பூவும் கொல்லை மஞ்சளும்: சிலாங்கூர்த் தோட்டங்களில் இரு சொற்களின் வரலாறு



மலாயாத் தோட்டங்களின் வரலாற்றைக் காப்பி, இரப்பர், செம்பனை என்னும் மூன்று பயிர்களைக் கொண்டே எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவை துரைமார் தேர்ந்த பயிர்கள். நம் முன்னோர் தம் விருப்பத்தால் தேர்ந்து, லயத்து வீட்டின் பின்புறம் நட்ட பயிர்களுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. இன்றைய உரையில் இரண்டு பொருள்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தோட்டத்தில் ஒருநாளும் முளைக்காத குங்குமப்பூ. மற்றொன்று, முளைக்காத கொல்லையே இல்லாத மஞ்சள். இவ்விரண்டின் பெயர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்றைச் சொல்லி மற்றொன்றை விடுதல் இயலாது.

முதலில் இடத்தைக் குறிப்பேன். கோலா சிலாங்கூரிலிருந்து உள்நாடு நோக்கிச் சென்றால் புக்கிட் ரோத்தானும் பத்தாங் பெர்ஜுந்தையும் வரும். பின்னது 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவாயிற்று. அதனை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே, பின்னர் மலாயாவைப் பற்றி எழுதிய புதினத்துக்காக 1930இல் கொன்கூர் பரிசு பெற்றவர். செம்பனை வரலாறு பேசுவோர் அனைவரும் அத்தோட்டத்தின் பெயரைச் சொல்கின்றனர். அது நம் தென்னைமரமே என்பதை எண்ணிப்பார்ப்போர் சிலரே. ஒரு சொல் நம் கண்முன் இருந்தும் காணப்படாமற்போவது இவ்வாறுதான்.

இனிக் குங்குமம் என்னும் சொல்லுக்கு வருவோம். இது வடமொழிக் குங்கும என்பதன் தமிழ் வடிவம். முதற்பொருள் குங்குமப்பூவே. காசுமீரத்தில் விளைந்ததனால் அதனை வடமொழியாளர் காசுமீரசம் என்றும் வழங்கினர். சிலப்பதிகாரத்தில் குங்குமம் மேனியில் பூசும் நறுமணச் சாந்தாக வருகிறது. மஞ்சளோ நம் மண்ணுக்குரியது. மலையாளத்தில் மஞ்ஞள் என்று வழங்குவது. மதுரைக்காஞ்சி இதனை இஞ்சியோடும் மிளகோடும் சேர்த்து எண்ணுகிறது.

இன்று குங்குமம் என்றவுடன் நினைவுக்கு வருவது நெற்றியில் இடும் செம்பொடி. அப்பொடியின் மரபான மூலப்பொருள் மஞ்சள். மஞ்சளிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரப்பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் நாம் காணும் செந்நீரும் அதுவே. அரிய குங்குமப்பூ தந்த செம்மையை எளிய மஞ்சள் தந்தபோது, நிறத்தோடு பெயரும் இடம்பெயர்ந்தது எனலாம். பெயரை இழந்த பழைய பொருளைச் சுட்ட, 'பூ' என்னும் அடையாளம் தேவைப்பட்டது. எள்ளின் நெய்யாகிய எண்ணெய், எல்லா நெய்களுக்கும் பொதுப்பெயரானபின், எள்ளின் நெய் 'நல்லெண்ணெய்' ஆயிற்றன்றோ? குங்குமப்பூவும் அத்தகைய பின்னாக்கப் பெயரே.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. எபிரேயத்தில் கர்கோம் என்பது குங்குமப்பூ. விவிலியத்தின் உன்னதப்பாட்டில் அச்சொல் வருகிறது. அதன் உறவுச்சொல்லாகிய அரபுக் குர்க்கும் மஞ்சளுக்குப் பெயராகி, 1753இல் லின்னேயசு வழங்கிய தாவரவியற் பெயரில் குர்க்குமா என நிலைத்துவிட்டது. கோவாவில் 1563இல் அச்சான நூலில் போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா மஞ்சளை 'நாட்டுக் குங்குமப்பூ' என்று பொருள்படும் பெயரால் குறித்தார். இலங்கையிலோ ஆங்கிலம் பேசுவோர் சாப்ரன் என்று சொல்வது பெரும்பாலும் மஞ்சளைத்தான். மலாயாத் தோட்டங்களுக்குக் கிராணிமாராக வந்தோருள் யாழ்ப்பாணத்தார் பலர். கிராணி வீட்டில் சாப்ரன் என்று ஆங்கிலத்தில் கேட்டதைப் பட்டணத்துக் கடைக்காரர் குங்குமப்பூவாகப் புரிந்துகொண்டால் விலை எங்கே போய் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

மலாய்மொழியைப் பாருங்கள். குங்குமப்பூவுக்குப் பழைய மலாயில் கூமா-கூமா என்று பெயர். அது வடமொழிக் குங்குமத்தின் வழிவந்தது. சபாரான் என்பது அரபுச் சஃபரானின் வடிவம். குசும்பா என்னும் செந்நிறப் பூவின் வடமொழிப் பெயர் கெசும்பா ஆகிச் செஞ்சாயத்துக்கும் அதைத் தரும் மரத்துக்கும் வழங்குகிறது. மஞ்சளுக்குரிய குன்யிட் மட்டும் இரவற்சொல் அன்று. சாவகத்துக் குனிர், பிலிப்பைன்சின் இலோகானோ மொழியில் குனிக் ஆகியவற்றோடு ஒருகுடிப் பிறப்புடையது. ஆகவே தமிழர் இங்கு வந்திறங்கியபோது மஞ்சளைத் தாம் கொண்டுவந்து கொடுக்கவில்லை. தமக்கு முன்பே மஞ்சளை அறிந்த அண்டை வீட்டாரைக் கண்டனர். மலாய்க்காரர் இலையைக் கிள்ளி ரெண்டாங்கில் இட்டனர். நம்மவர் கிழங்கை அம்மியில் அரைத்து மீனில் தடவினர். ஒரே செடியை இரு சமையற்கட்டுகள் பகிர்ந்துகொண்டன.

கொல்லை என்பதும் தானாக வந்ததன்று. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்றது. அஃதாவது ஆறேகால் சென்ட். 1930இன் மந்தத்துக்கு முன் பல வட்டாரங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மந்தம் வந்ததும் அதுவும் குறைந்தது. அக்கூலியில் கடைப்பற்றைக் குறைக்கக் கைகொடுத்தவை முருங்கையும் வாழையும் கறிவேப்பிலையும் மஞ்சளும். சப்பானியர் காலத்தில் இந்தியச் சரக்கு நின்றபோது கொல்லை மஞ்சள் அன்றி வேறு மஞ்சள் இல்லை என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மஞ்சள் நடுவது எளிது. முளைகட்டிய கிழங்குத் துண்டை இரண்டு மூன்று விரற்கடை ஆழத்தில் புதைத்து, நீர் தேங்காமல் மண்ணை அணைத்தால் போதும். ஏழு முதல் ஒன்பது மாதங்களில் இலை பழுத்துச் சாயும். அதுவே அகழ்வதற்கு அடையாளம். நடுவிலிருப்பது குண்டு மஞ்சள், பக்கத்தில் கிளைப்பது விரலி மஞ்சள். தமிழகத்தில் அவித்து உலர்த்திச் சேமிப்பர். ஓயாது மழைபெய்யும் இவ்வூரில் உலர்த்துதல் அரிதாகையால், வேண்டும்போது தோண்டிப் பச்சையாகவே அரைத்தனர். தைப்பொங்கலுக்குப் பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சட்கொத்து அக்கொல்லையிலிருந்தே வரும்.

குங்குமப்பூவை நான் முதன்முதல் கண்டது அறுபதுகளின் இறுதியில். என் தமக்கையார் ஐந்து மாதக் கருவுற்றிருந்தார். பால்மரம் வெட்டி ஈட்டிய சம்பளத்திலிருந்து என் தாயார் பட்டணத்தில் ஒரு சிறு பொட்டலம் வாங்கிவந்தார். பாலில் இட்ட கணமே பால் சிவந்தது; மணமோ இல்லை. பாட்டி முகர்ந்துபார்த்து, "ஏம்மா, இது பூ இல்ல, சாயம். காச எண்ணிக் குடுத்தியே, மோந்து பாத்தியா?" என்றார். அது குசும்பாப் பூவிதழ் என்று பல்லாண்டு கழித்தே அறிந்தேன். குழந்தை சிவப்பாகப் பிறக்கவேண்டும் என்னும் ஆசைக்குக் கொடுத்த விலை அது. குழந்தையின் நிறம் பெற்றோர் வழி வருவது. எந்தப் பூவும் அதனை மாற்றாது. வெயிலில் நின்று கறுத்த ஒரு தாய், தன் பேரப்பிள்ளை தன்னைப்போல் இருக்கக்கூடாது என்று கூலியைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்தார் என்பதை நினைக்குந்தோறும், ஏமாற்றியவர் அக்கடைக்காரர் ஒருவர்தாமா என்று எண்ணுகிறேன். பிறந்த பெண் தாயைப்போலவே கறுப்பு. பாட்டி கொல்லை மஞ்சளை அரைத்து ஆரத்தி எடுத்து அவளை வீட்டுக்குள் அழைத்தார்.

இன்று வாங்குவோர் அவ்வாறு ஏமாறவேண்டியதில்லை. உண்மைக் குங்குமப்பூ ஒரு பூவின் மூன்று சூல்முடி இழைகளே. ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்கள் வேண்டும். ஆகவே மலிவாகக் கிடைப்பதை ஐயுறுக. பொடியை விடுத்து இழையாக வாங்குக. இழையின் ஒருமுனை எக்காளம்போல் விரிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரிலிட்டால் பொன்னிறம் மெல்ல இறங்கும்; இழை தன் செம்மையை உடனே இழக்காது. முகர்ந்தால் மணம், சுவைத்தால் சிறு கசப்பு. சமையலிலும் இரண்டின் இயல்பு வேறு. குங்குமப்பூவின் நிறம் நீரில் கரையும். ஆகவே சில இழைகளை வெந்நீரிலோ பாலிலோ அரைமணி ஊறவைத்துப் பாயசத்திலும் பிரியாணியிலும் இறுதியில் சேர்ப்பர். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும். ஆகவே அது தாளிப்போடு தொடங்குகிறது. ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றை இடுவது பெயரின் மயக்கமேயன்றிச் சமையலின் முறையன்று.

வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்போர் உளர். குங்குமப்பூச் செடி விதையற்றது; கிழங்கால் மட்டுமே பெருகும். காசுமீரத்துப் பாம்பூரில் வறண்ட கோடையில் உறங்கி, ஐப்பசிக் குளிரில் பூக்கும். ஆண்டு முழுவதும் வெம்மையும் ஈரமும் மாறாத கோலா சிலாங்கூர் மண்ணில் கிழங்கு அழுகும். குளிரூட்டிய அறையில், ஏறத்தாழ 15 முதல் 17 பாகை வெப்பத்தில் பூக்கவைக்க முடியும். செலவு பூவின் விலையை மிஞ்சும். கிழங்கை வெளிநாட்டிலிருந்து வருவிக்க இறக்குமதி அனுமதியும் தாவரநலச் சான்றும் வேண்டும். உருவில் ஒத்த கொல்சிகம் என்னும் செடி நஞ்சுடையது என்பதையும் மறத்தலாகாது.

எழுபதுகளுக்குப் பின் இரப்பர் செம்பனையாயிற்று. பல தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோர்க்கு ஆறேகால் சென்ட் கொல்லை கிடைக்கவில்லை. கொல்லை போனதும் அதன் சொற்களும் போகின்றன. என் பெயர்த்தியர் குன்யிட் இலை என்கின்றனர், அதில் பிழையில்லை. ஆனால் குண்டு மஞ்சள், விரலி மஞ்சள் என்றால் விழிக்கின்றனர். அண்டை மொழியிலிருந்து ஒரு சொல்லைப் பெறுவது ஊதியம். தன் சொல் இருந்ததையே அறியாதிருப்பது இழப்பு.

ஆகவே இம்மன்றத்தின்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உலு சிலாங்கூர், சபாக் பெர்ணாம், கோலா சிலாங்கூர் வட்டாரங்களில் தோட்டக் கொல்லையை அறிந்த முதிய பெண்மணிகள் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று, செடியைக் காட்டி, பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுக்குமாடியிலும் ஒரு பழைய வாளியில் மஞ்சள் முளைக்கும். நட்டபின் அதன் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.